அல்லிராணி வீட்டுக்கு ஒரு பஸ்

சென்ற தவணையில் எங்கள் வரலாற்று ஆசிரியை வகுப்பில் ஒரு கேள்வி கேட்டார். நுவரெலியாவுக்குப் போனவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. கண்டிக்கும் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கும் அப்படித்தான். அடுத்ததாக, அரிப்பில் இருக்கும் அல்லிராணிக் கோட்டையைப் பார்த்தவர்கள் யார் என்றார். நான்கு கைகள்தான் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது. நானும் அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர்தான் முதன்முறையாக அங்கே இறங்கியிருந்தேன். அந்த வீதியால் சிலாவத்துறைக்கு எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறோம். வானை நிறுத்தி இறங்கிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

அன்று இறங்கியதும் திட்டமிட்டு நடந்ததல்ல. சிலாவத்துறையில் உறவுக்காரப் பெண்ணின் நிகாஹ் முடிந்து பகல் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பிக்கொண்டிருந்தோம். உம்மம்மாவுக்கு வயிற்றைப் புரட்டியது. கடற்காற்று பட்டால் சரியாகும் என்று வாப்பா வானை வீதியோரம் திருப்பினார். முட்பற்றைகளுக்கு அப்பால் செங்கல் தூண்கள் தெரிந்தன. அதற்கப்பால் கடல்.

பெயரைக் கேட்டால் கோட்டை என்றுதான் நினைப்பீர்கள். அது கோட்டை அல்ல, வீடு. அல்லிராணி கட்டியதும் அல்ல. இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801 முதல் 1804 வரை கட்டுவித்த இரண்டு மாடி மாளிகை அது. பண்டைய கிரேக்கரின் டொரிக் பாணித் தூண்கள் வைத்துக் கட்டியதால் ஆங்கிலத்தில் 'டொரிக்' என்றே பெயராகிவிட்டது. தூண்கள் கருங்கல்லால் ஆனவை என்று தூரத்தில் நின்றபோது நினைத்தேன். கிட்டப் போனால் வெறும் செங்கல். மேலே பூசிய சுண்ணாம்பு பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. உதிராத இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், பீங்கான் போல வழுவழுப்பாக இருந்தது. அந்தச் சுண்ணாம்பு எதிலிருந்து வந்தது என்று பிறகுதான் படித்தேன். முத்தை எடுத்துவிட்டு எறிந்த சிப்பிகளைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு அது. அந்தக் காலத்தில் இங்கே வந்து நூல் எழுதிய ஜேம்ஸ் கோர்டினர் என்ற பாதிரியார் இலங்கையிலேயே அழகான கட்டடம் இதுதான் என்ற கருத்துப்பட எழுதிவைத்திருக்கிறார்.

ஆளுநருக்கு இந்த வெட்டைவெளியில் வீடு எதற்கு? முத்துக்குத்தான். அரிப்புக்கும் கொண்டச்சிக்கும் நேரே கடலில் முத்துச் சிப்பிப் பார்கள் இருந்தன. கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் சில வாரங்கள் மட்டும் முத்துக்குளிப்பு நடக்கும். அதுவும் எல்லா வருடமும் இல்லை. சிப்பி விளைந்த வருடம் மட்டும். அந்தச் சில வாரங்களுக்காக, கரையில் ஒரு நகரமே எழும்பும். ஓலைக் குடில், கடைத்தெரு, வட்டிக்கடை, பள்ளிவாசல், கோயில், பொலிஸ், ஆஸ்பத்திரி எல்லாம் வரும். சலாபம் முடிந்ததும் எல்லாம் பிரிந்துபோகும், மணல் மட்டும் கிடக்கும். புதிதாக வந்த ஆங்கில அரசுக்கு முத்து பெரிய வருமானம். அதை மேற்பார்வை செய்ய வரும்போது தங்குவதற்கு நோர்த் கட்டியது இந்த வீடு. வருடத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்திருக்கும் என்றுதான் எண்ணுகிறேன்.

இந்த இடத்தில் நம்மவர்கள் வருகிறார்கள். கடலுக்கு அடியில் போனது ஆளுநர் அல்லவே. கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்த முஸ்லிம்களும் பரதவரும், இந்தக் கரையோர மக்களும், பின்னாளில் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகளும்தான் போனார்கள். காலைக் கல்லில் கொடுத்துக் கயிற்றைப் பிடித்து இறங்குவார்கள். ஒரு நிமிடம், கூடினால் இன்னும் கொஞ்சம், மூச்சைப் பிடித்துக்கொண்டு கையில் அகப்பட்ட சிப்பிகளை வலைக்கூடையில் அள்ளிப் போடுவார்கள். மேலே நிற்பவர் கயிற்றை இழுப்பார். இப்படி ஒரு நாளில் பல தடவை. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுகிறவரைக் 'கடற்கட்டி' என்பார்கள். அவர் கரையில் இல்லாவிட்டால் சுழியோடிகள் கடலில் இறங்க மாட்டார்களாம். மார்க்கப்படி அது சரியா என்று நமது மௌலவிமார் கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் அந்த ஆள் நின்றதிலிருந்தே அந்த வேலையில் எவ்வளவு பயம் இருந்தது என்று விளங்குகிறது.

கரைக்கு வந்த சிப்பியைப் பங்கு போடுவார்கள். பிரித்தானியர் காலத்தின் பிற்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு சுழியோடிக்கும் போனது. அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். வாங்கியவர்கள் 'கொட்டு' என்ற அடைப்புக்குள் சிப்பிகளைக் குவித்து, தசை அழுகும்வரை விட்டு, பிறகு கழுவி முத்துத் தேடுவார்கள். ஆயிரக்கணக்கான சிப்பிகள் வெயிலில் அழுகினால் எப்படி நாறும் என்று கருவாட்டு வாடியைத் தாண்டிப் போன நமக்குச் சொல்லத் தேவையில்லை. ஆளுநரின் வீடு கொண்டச்சிக் கொட்டுகளிலிருந்து சில மைல் தள்ளி அரிப்பில் எழுந்ததற்கு நல்ல தண்ணீர் ஒரு காரணம். மூக்கும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

1906இல் மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்புக்கு உதவி அதிகாரியாக வந்தவர் லெனார்ட் வூல்ப். எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்பைப் பின்னாளில் மணந்தவர் அவர். அங்கே இறந்துபோன ஓர் அரபுச் சுழியோடியை அவருடைய தோழர்கள் சுமந்து வந்ததைத் தமது வாழ்க்கை நினைவுகளில் எழுதியிருக்கிறார். அதே 1906இல் அரசாங்கம் முத்துப் பார்களை ஒரு லண்டன் கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. சில வருடங்களில் சிப்பியும் போய்விட்டது, கம்பனியும் மூடிவிட்டது. அதற்குப் பிறகு பழைய அளவில் முத்துக்குளிப்பு தலையெடுக்கவே இல்லை.

இவ்வளவையும் நான் அன்று அந்த இடத்தில் தெரிந்துகொள்ளவில்லை. சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை. வீடு திரும்பி, நூலகத்தில் தேடி, ஆசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. அன்று நான் கண்ணால் கண்டது வேறு. கடல் கரையைத் தின்றுகொண்டு வருகிறது. வீட்டின் கடற்பக்கச் சுவர் நின்ற மண்மேடு அறுந்து, பெரிய செங்கல் பாளங்கள் கீழே மணலில் தலைகீழாகக் கிடந்தன. நின்ற சுவர்களில் காதலர் பெயர்கள். ஒரு மூலையில் போத்தல்கள். வாப்பா தன் இளமையில் பார்த்தபோது இன்னும் நிறைய இருந்தது என்று சொல்லி, கையால் காற்றில் கோடு போட்டு எதுவரை இருந்தது என்று காட்டினார்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. இதைக் கடல் எடுக்க விடுகிறார்களே என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

வானின் கதவோரம் உட்கார்ந்திருந்த உம்மம்மா சொன்னார்: "வெள்ளக்காரன்ட ஊட்டக் கடல் எடுக்குதெண்டு அழுற. எங்கட ஊட்டக் காடு எடுத்தப்ப ஆரு புள்ள அழுத?"

நான் வாயை மூடிக்கொண்டேன். உம்மம்மா பிறந்த ஊர் அங்கிருந்து தூரமில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது உடுத்த துணியோடு போனவர்களில் அவரும் ஒருவர். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருபது வருடங்கள். திரும்பி வந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் காடு. கிணற்றுக் கட்டை வைத்துத்தான் வளவை அடையாளம் கண்டார்களாம். அந்த வீட்டைக் கட்டியது எந்த வருடம், எத்தனை அறை, எந்தக் கொத்தனார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நோர்த்தின் வீட்டை வர்ணிக்கக் கோர்டினர் இருந்தார். உம்மம்மாவின் வீட்டைப் பற்றி எழுத யார் இருந்தார்கள்?

அந்தக் கேள்வியோடுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். முதலில், ஆளுநரின் வீட்டைப் பேணுங்கள் என்று எளிதாக எழுதி முடித்துவிடலாம் என்றிருந்தேன். இப்போது அப்படி முடியவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் மாமி மகளிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது, தான் போய் வந்த ஓர் இடத்தின் படங்களை அனுப்பினாள். ஒஹாயோ ஆற்றின் நடுவே பிளெனர்ஹாசெட் என்றொரு தீவு. ஹார்மன் பிளெனர்ஹாசெட் என்ற அயர்லாந்துச் செல்வந்தர் 1800ஐ அண்டிய வருடங்களில், அதாவது ஏறத்தாழ நமது அரிப்பு வீட்டின் காலத்திலேயே, அந்தத் தீவில் பெரிய மாளிகை கட்டினார். அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக இருந்த ஏரன் பர் என்பவரின் சதியில் சிக்கி 1806இல் தீவை விட்டு ஓடினார். 1811இல் மாளிகை எரிந்து சாம்பலானது. 1970களில் தொல்லியலாளர்கள் மண்ணைத் தோண்டி அதன் அத்திவாரத்தைக் கண்டுபிடித்தார்கள். பிறகு அதே அத்திவாரத்தின் மேல் அந்த மாளிகையை மறுபடி கட்டினார்கள். இன்று அது மாநிலத்தின் வரலாற்றுப் பூங்கா. பார்க்கர்ஸ்பர்க் நகரிலிருந்து படகில் போய், குதிரை வண்டியில் தீவைச் சுற்றி, மாளிகைக்குள் நடக்கலாம்.

படத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது மாளிகை. ஒரு செங்கல்கூட உதிரவில்லை. எப்படி உதிரும்? அது பழைய வீடே இல்லையே. எனக்கு அதில் ஒரு சங்கடம். அந்தச் சுவரில் கையை வைத்தால், நமது காலத்துச் சுவரில்தான் கையை வைக்கிறோம். மாமி மகள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. சிறுபிள்ளைகள் பாழடைந்த சுவரைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது, முழு வீட்டைப் பார்த்தால்தான் விளங்கும் என்கிறாள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அரிப்பில் நின்ற அரைத்தூண் என்னிடம் சொன்னதை எந்த முழுத்தூணும் சொல்லியிருக்காது என்றே நினைக்கிறேன். அந்த உடைந்த பாளத்தின் உள்ளே சுண்ணாம்பும் செங்கல்லும் ஒன்றோடொன்று பிடித்திருந்த விதத்தைப் பார்த்துத்தானே, இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து என்ற கேள்வியே வந்தது?

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஒஹாயோ மாளிகையும் அடிமைகளின் உழைப்பில் நடந்த வீடு. அந்த வீட்டுப் பெண்மணி மார்கரெட் பிளெனர்ஹாசெட் ஒரு கவிஞர். இழந்த தீவைப் பற்றிக் கவிதை எழுதினார். அவருடைய கவிதைத் தொகுதி 1824இல் மொன்ட்ரியலில் அச்சானது. வீடிழந்த சீமாட்டியின் துயரம் அச்சில் இருக்கிறது. அந்த வீட்டில் ஏவல் செய்த பெண்கள் எழுதியது எதுவும் நமது கைக்கு வரவில்லை. ஆகவே உம்மம்மாவின் கேள்வியை அங்கேயும் ஒருத்தி கேட்டிருப்பாள்.

இங்கே அல்லிராணியிடம் திரும்பி வருகிறேன். அல்லி என்பவள் ஆணின் சொல்லுக்குக் கட்டுப்படாமல் பெண்களைக் கொண்டே நாடாண்ட அரசி என்று நாட்டார் கதை. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை' அவளை மதுரைக்கு அரசியாக்குகிறது. நமது கரையில் அவளைக் குதிரைமலைக்கு அரசியாக்கி, முத்துக் கடலும் அவளுடையது என்கிறார்கள். பாட்டில் கடைசியில் அருச்சுனன் சூழ்ச்சி செய்து அவளை மணக்கிறான். அந்த முடிவு எனக்குப் பிடிப்பதில்லை. போகட்டும். நான் வியப்பது வேறொன்று. ஆளுநர் கப்பலேறிப் போன பிறகு, அவர் பெயர் தெரியாத, தெரிந்தாலும் சொல்ல விரும்பாத இந்த ஊர் மக்கள், அந்த வீட்டை எடுத்து ஒரு பெண்ணின் பெயரில் எழுதிவைத்துவிட்டார்கள். வரலாற்று ஆசிரியை இதைப் பிழை என்பார். பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடையாது. ஆனாலும் இருநூறு வருடத்தில் அந்த வீட்டுக்கு நம்மவர்கள் செய்த ஒரே திருத்த வேலை அதுதான், அதை நான் அழிக்க மாட்டேன். இன்ன ஆண்டில் இன்னார் கட்டினார் என்று பலகை வைக்கும்போது, ஊர் இதை அல்லிராணியின் வீடு என்கிறது என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? தூண்களைப் புதிதாகக் கட்ட வேண்டாம். கடற்பக்கம் கல்லணை போட்டு மண்மேடு மேலும் அறாமல் தடுத்தாலே இப்போதைக்குப் பெரிய காரியம். நிற்கின்ற சுவர்களுக்கு முட்டுக் கொடுக்கலாம். யாழ்ப்பாணக் கோட்டையைப் போருக்குப் பிறகு திருத்தத் தொடங்கினார்கள், நெதர்லாந்து அரசும் உதவியது. ஆகவே முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. அத்தோடு சிலாவத்துறையிலோ அரிப்பிலோ ஓர் அறை போதும். அதில் சுழியோடியின் கல், கயிறு, கூடை, ஒரு கைப்பிடி சிப்பி ஆகியவற்றோடு இந்தக் கரையிலிருந்து வெளியேறித் திரும்பியவர்கள் தங்கள் வீடுகளைப் பற்றிச் சொன்னதும் எழுதி இருக்க வேண்டும். ஆளுநரின் வீட்டைப் பார்க்க வருகிறவர் உம்மம்மாவின் கிணற்றுக் கட்டையும் தெரிந்துகொண்டு போகட்டும். இரண்டும் ஒரே கரைதானே. ஒன்றை மறைத்து மற்றதைக் காட்டினால் அது சுற்றுலாத் துண்டுப்பிரசுரமாகத்தான் இருக்கும்.

அந்த அறை எப்போது வருமோ தெரியாது. நாம் செய்யக்கூடியதை நாமே தொடங்கலாம். நம் கல்லூரியில் ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டில் உள்ள ஒரு பெரியவரிடம், 90க்கு முன்பிருந்த வீட்டைப் பற்றி உட்கார்ந்து கேட்டு எழுதினால் என்ன? அறைகள் எத்தனை, குசினி எந்தப் பக்கம், வாசலில் நின்றது என்ன மரம். நான் தொடங்கிவிட்டேன். உம்மம்மா முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள், குசினிக்குப் பின்னால் நின்ற முருங்கையிலிருந்து தொடங்கி, நான் கொப்பியில் நான்கு பக்கம் எழுதும்வரை நிறுத்தவில்லை.

இனிப் பெற்றோர்களிடம். கல்விச் சுற்றுலா என்றால் மூன்று நாள், நான்கு பஸ், மலைநாடு என்று பழகிவிட்டோம். செலவும் அதிகம், பெண்பிள்ளைகளை இரவு தங்க அனுப்பும் கவலையும் அதிகம். அதனாலேயே பல தோழியரின் பெயர் பட்டியலில் இருப்பதில்லை. அரிப்புக்குக் காலையில் போய் அஸருக்கு முன் வீடு வந்துவிடலாம். பெரிய பாலத்தைக் கடந்து, தள்ளாடி தாண்டி, வங்காலையில் பூநாரைகள் வந்திருந்தால் அவற்றையும் பார்த்து, அருவியாற்றுப் பாலத்தைக் கடந்தால் அரிப்பு. அந்த ஆற்றோரமாக வந்துதான், கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அந்தக் கோட்டையின் எச்சமும் அங்கேயே இருக்கிறது. ஒரே நாளில் மூன்று பாடம்.

இடைஞ்சல் இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, நிழல் இல்லை. இதைச் சொல்ல வெட்கப்படுகிறோம், ஆனால் பெண்கள் பாடசாலைகள் ஓர் இடத்துக்குப் போவதும் போகாததும் பல நேரம் இந்த ஒன்றால்தான் தீர்மானமாகிறது. வரலாற்று இடங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறவர்கள் முதலில் அங்கே ஒரு கழிப்பறை கட்டட்டும். அதுவரை அயலில் உள்ள பாடசாலையிடமோ பள்ளிவாசலிடமோ கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று வாப்பா சொல்கிறார். உடைந்த சுவருக்குக் கிட்ட யாரும் போகாமல் பார்த்துக்கொள்ள இரண்டு ஆசிரியைகள் வேண்டும். தண்ணீர் கொண்டுபோக வேண்டும்.

கடல் அமைதியாக இருக்கும் மாசி மாதம் நல்லது. அதிபருக்கு இது பற்றிக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதினேழு பேர் கையொப்பம். உம்மம்மாவிடம் சொன்னபோது, பஸ்ஸில் ஜன்னலோரத்தில் தனக்கும் ஓர் இடம் வைக்கச் சொன்னார். வெள்ளைக்காரன் வீட்டைப் பார்க்கவா என்று கேட்டேன். இல்லை, அங்கிருந்து இன்னும் கொஞ்சத் தூரம் பஸ்ஸை விடச் சொல்லு, கிணற்றைக் காட்டுகிறேன் என்றார்.